ராஜாவின் பொன்விரால்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் தாழைநாட்டைச் சித்திரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்கு அதிசயம் என்றால் உயிர். சபை கூடியதும் யாராவது ஓர் அதிசயம் சொல்லியே ஆக வேண்டும். அது மெய்யா பொய்யா என்பது அன்றைக்கு ராஜாவின் மனநிலையைப் பொறுத்தது. "பாலில் கலந்த தண்ணீரை அன்னப்பறவை பிரித்துவிடும்" என்று அளந்துவிட்டுச் சபையில் இருந்த பூதலராயர் பட்டுச் சால்வை வாங்கிப் போனார். "வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும்" என்று உள்ளதைச் சொன்ன மந்திரி கொற்றனார், அன்று முழுக்க வெயிலில் நின்றார். பூதலராயருக்கு மந்திரி நாற்காலி மேல் ஒரு கண் என்பது ஊருக்கே தெரியும்.

ராஜாவிடம் பொன்னிறத்தில் ஒரு விரால் மீன் இருந்தது. அரண்மனைக் குளத்தில் அது அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்துவிட்டு உள்ளே போகும். "என் முகத்தைப் பார்க்கத்தான் வருகிறான்" என்று ராஜா பூரித்துப்போவான். சபையும் ஆமாம் போடும். கொற்றனாரும்தான் போட்டார்.

கோடை வந்தது. ராஜா ஆற்றுக்கு அக்கரையில் உள்ள குளிர்ச்சி மாளிகைக்குச் சபையோடு போனான். விராலையும் பின்னாலேயே கொண்டுவரச் சொன்னான். குளத்துக் காவலாளி காளத்தி ஒரு செப்பு அண்டாவில் அதைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். மூடியைத் திறந்தால், மீன் வயிறு மேலாக மிதந்தது.

ராஜாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "விஷம் வைத்துவிட்டான்! பொழுது சாய்வதற்குள் இவனை யானைக்காலில் போடுங்கள்!"

காளத்தியை அந்த வேலையில் சேர்த்துவிட்டவரே கொற்றனார்தான். அவனைக் கட்டிப்போட்டிருந்த இடத்துக்கு ஓடினார்.

"என்னடா நடந்துச்சு?"

"சாமி, நான் ஒண்ணும் பண்ணலைங்க! ராயர்தான் விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தச் சொன்னாரு. ராஜா மீனுக்கு ஒரு கை தண்ணிகூடக் குறையக்கூடாதுன்னு சொல்லி மூடியை மெழுகு வச்சு அடைச்சு, முத்திரையும் போட்டுட்டாரு. வழியெல்லாம் உள்ள டொக்கு டொக்குனு முட்டிக்கிட்டே இருந்துச்சு. விளையாடுதுன்னு நெனச்சேன். பாவி, அப்புறம் சத்தமே இல்லை."

கொற்றனாருக்குப் பொறி தட்டியது. குளத்து விரால் மேலே வந்து வந்து வாயைத் திறந்தது நினைவுக்கு வந்தது. அது ராஜா முகத்தைப் பார்க்க வரவில்லை. காற்றுக் குடிக்க வந்தது! ஆனால் இதைப் போய் எப்படிச் சொல்வது? மீன் தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்தது என்றால் சபை சிரிக்கும். ராஜா முகத்துக்காக வரவில்லை என்றால் ராஜா சிரிக்க மாட்டான், சீறுவான். மூடியைத் திறந்தபோதே முத்திரை உடைந்து உதிர்ந்துவிட்டது; ராயரோ அண்டாவைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வார். வாசலில் யானையின் சங்கிலிச் சத்தம் கேட்டது.

சபைக்குள் போய்க் கும்பிட்டார். "மகாராஜா, தண்டனை இருக்கட்டும். கொடுக்க வேண்டிய சன்மானம் ஒன்று இருக்கிறதே! அண்டாவில் விளிம்பு வரை தண்ணீர், துளி சிந்தாமல் மெழுகு அடைப்பு. தங்கள் மீன்மேல் இத்தனை அக்கறை வைத்தவர் யாரோ தெரியவில்லை. காளத்திக்கு அந்தப் புத்தி ஏது? நான் செய்திருக்க வேண்டியது, எனக்குத் தோன்றவே இல்லை."

மந்திரிக்குத் தோன்றாதது என்றதும் பூதலராயரால் இருப்புக்கொள்ளவில்லை. "அடியேன்தான் மகாராஜா! காளத்தி அரை அண்டா போதும் என்றான். நான்தான் அதட்டி நிரப்ப வைத்தேன். முத்திரைகூட என்னுடையதுதான்!"

ராஜா நெகிழ்ந்துபோய்த் தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான்.

"மகாராஜா," என்றார் கொற்றனார். "மீனைக் கொன்றது அந்த அக்கறைதான். விரால் காற்றுக் குடிக்கும் மீன். மேலே வர வழியில்லாவிட்டால் தண்ணீரிலேயே மூச்சு முட்டிச் சாகும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடுத்து, மாடு புல்லில் சிக்கிச் செத்தது என்பார்!"

ராஜா சிரிக்கவில்லை. "நிரூபியும். இல்லாவிட்டால் காளத்தியோடு நீரும் போக வேண்டியதுதான்."

ஆற்றிலிருந்து இரண்டு விரால் வந்தன. ஒன்றை அரை அண்டா தண்ணீரில் விட்டு மூடினார்கள். இன்னொன்றை விளிம்பு வரை நிரப்பிய அண்டாவில் விட்டு மூடினார்கள். சபை காத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. வெயில் தூண்களைத் தாண்டி நகர்ந்தது. ராயர் கொட்டாவி விட்டார். கொற்றனார் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் நினைத்தது தப்போ?

டொக்.

நிறைந்த அண்டாவில்தான். டொக், டொக். பிறகு மூடியே அதிரும்படி முட்டல். அரை அண்டா அமைதியாக இருந்தது. ராஜா எழுந்து ஓடிவந்து தானே மூடியைப் பிடுங்கினான். விரால் தலையை நீட்டி, வாய் நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு அடியில் போய்ப் படுத்தது. அவன் மறுபடி மூடினான். கொஞ்ச நேரத்தில் மறுபடி டொக். திறந்தான். அதே வாய், அதே மூச்சு.

"அப்படியானால் பொன்னிறத்தான் என் முகத்தைப் பார்க்க..."

கொற்றனார் தலை குனிந்துகொண்டார்.

ராஜாவின் முகம் சிறுத்துப்போயிற்று. நல்லவேளை, சிரித்துவிட்டான். முத்துமாலையை ராயர் கழுத்திலிருந்து வாங்கிக் காளத்தி கழுத்தில் போட்டான். "ராயரே, இந்த இரண்டு மீனும் என் குளத்தில் இருக்கும். நீர் குளத்துப் படியில் நின்று, ஒவ்வொரு தடவை அவை மேலே வரும்போதும், 'விரால் மூச்சு விட்டது, மகாராஜா!' என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும்." பிறகு மந்திரி பக்கம் திரும்பினான். "உமக்கு என்ன வேண்டும்?"

"இனி விசாரிக்காமல் யாரையும் யானைக்கு அனுப்புவதில்லை என்று ஒரு வாக்கு, மகாராஜா."

ராஜா வாக்குக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் காளத்தி அவர் காலில் விழுந்தான். "எப்படிச் சாமி அவ்வளவு தைரியமாச் சொன்னீங்க? உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

கொற்றனார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாதி தெரியும்டா. மீதிப் பாதி தப்பாப் போயிருந்தா, உன் பக்கத்துலேயே படுத்துக்கலாம்னு இருந்தேன்."