அந்தக் கரைக்குப் போனவர்

விழுப்புரம் தாண்டித் திருச்சி போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சிறிய தருமச்சாலை இருந்தது. தினமும் மதியம், யார் வந்தாலும் சோறு. அதை நடத்திவந்த அமிர்தவல்லியை ஊரார் சாலையம்மா என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஏதாவது கேட்டால் பதில் சொல்வார். சில நாள் அதுவும் இல்லை.

அவரைத் தேடி வருகிறவர்களில் தணிகாசலமும் ஒருவர். சென்னையில் பம்பு செட் வியாபாரம். அம்மாவைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் அவர் முன்னால் தரையில்தான் உட்காருவார்.

அன்றைக்கு அவர் வந்தபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தணிகாசலம் வணக்கம் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் தானும் ஒரு கொத்தை எடுத்து உருவப் பார்த்தார். இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது. கொத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கய்யா."

"வீட்டுல நான் சத்தம் போட்டுப் பேசினது இல்ல. கடைப் பசங்க தப்பு பண்ணாக்கூட தனியாக் கூப்பிட்டுத்தான் சொல்லுவேன். ஆனா ரோட்டுல வண்டியை எடுத்துட்டா வேற ஆளா ஆயிடறேன்."

அம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

"இன்னைக்கு ஒரு வேன். வலது லேன்ல மெதுவாப் போயிட்டிருந்தான். லைட் அடிச்சேன். ஹாரன் அடிச்சேன். ஒதுங்கவே இல்ல. இடது பக்கமா ஏறிப் போய் அவன் மூக்கு முன்னால வெட்டித் திருப்பினேன். பயந்து போய் மண்ணுல இறக்கிட்டான். நான் கண்ணாடியில பார்த்துட்டே போறேன். வேன் ஒரு பக்கமா சாயுது."

"சாஞ்சிடுச்சா?"

"இல்ல. எப்படியோ நிமிர்ந்துடுச்சு. உள்ள எல்லாம் பொம்பளைங்க. கோயிலுக்குப் போறவங்க போல."

"நிறுத்தினீங்களா?"

"இல்லம்மா."

உள்ளே யாரோ அண்டாவை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நான் எறும்பைக்கூட மிதிக்காம நடக்கிறவன். வண்டிக்குள்ள வந்து உக்கார்றானே, அந்த ஆளு யாரும்மா?"

அம்மா மீதிக் கீரையை முறத்தில் தள்ளினார். எழுந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன. தூங்கி இரண்டு நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

"தயிர் கொண்டு வர்றவருக்குக் காய்ச்சல். அந்தக் கரையில போய் வாங்கிட்டு வந்துடறீங்களா? பந்தி போடற நேரம் ஆகுது."

நெடுஞ்சாலை வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. தருமச்சாலையும் பள்ளிக்கூடமும் இந்தப் பக்கம். மாட்டுக் கொட்டகைகளும் நிலங்களும் அந்தப் பக்கம். அங்கே ஆறு எதுவும் ஓடவில்லை. ஆனாலும் ஊரார் இந்தக் கரை, அந்தக் கரை என்றுதான் சொல்வார்கள்.

"கார்ல போய் வாங்கிட்டு வந்துடறேன்மா."

"பாலத்தைச் சுத்திட்டு வரணும். அதுக்குள்ள பந்தி முடிஞ்சிடும். நடந்தே போயிடுங்க. எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

தூக்குப்பாத்திரத்தை வாங்கிக்கொண்டு தணிகாசலம் வாசலுக்கு வந்தார். கதவுக்குப் பக்கத்தில் பழைய சேலைகள் துவைத்து மடித்து அடுக்கியிருந்தன.

"யாருக்காவது குடுக்கறதுக்காம்மா?"

"இல்லைங்கய்யா. ரோட்டுல மூடறதுக்கு."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"பிரேக் சத்தம் கேட்டா ஒண்ணை எடுத்துட்டு ஓடுவேன்," என்றார் அம்மா. "சில சமயம் கட்டுப் போட ஆகும். முந்தாநாள் மூடத்தான் ஆச்சு."

தணிகாசலம் படி இறங்கினார்.

சாலை ஓரத்தில் வந்து நின்றார். மாதம் ஒரு முறையாவது இந்த வழியாகப் போகிறவர்தான். ஆனால் இந்தச் சாலையின் ஓரத்தில் அவர் இதுவரை நின்றதில்லை. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. தூரத்தில் பொம்மை போலத் தெரியும் கார், கண்ணை மூடித் திறப்பதற்குள் முன்னால் வந்து கடந்து போயிற்று. லாரி போகும்போது காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. இடைவெளி வந்தது போல இருக்கும், ஒரு காலை எடுத்து வைப்பார், அதற்குள் ஹாரன் சத்தம் வரும். பின்வாங்குவார்.

பக்கத்தில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் அரிவாளும் வெறும் கோணிச் சாக்கும். கன்னியம்மா என்று பெயர். அந்தக் கரையில் புல் அறுக்கப் போகிறவள்.

"தருமச்சாலைக்கு வந்தவங்களா?" என்றாள்.

"ஆமா. தயிர் வாங்கணும். எப்பம்மா போறது?"

"அவங்க விடும்போது போறது."

"யாரும் நிறுத்தவே மாட்டேங்கிறாங்களே."

"நிறுத்தமாட்டாங்க. ஹாரன் அடிக்கிறாங்க இல்ல, அதுவே பெரிசு. பார்த்துட்டாங்கன்னு அர்த்தம்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டுப் போயிடுவாங்க." அவள் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வாங்க."

அவள் ஓடினாள். அவரும் ஓடினார். நடுவில் அரளிச் செடிகள் வைத்திருந்த திட்டில் ஏறி நின்றார்கள். செடியெல்லாம் புகை படிந்து கருத்திருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள் எதிரெதிராக ஓட, நிற்கிற திட்டே நகர்வது போல இருந்தது. செடியைப் பிடித்துக்கொண்டார்.

"தெனமும் இப்படியா?"

"மாடு தெனமும் திங்குதே," என்றாள் கன்னியம்மா.

கொட்டகையில் தயிரை ஊற்றிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது தணிகாசலம் தனியாகத்தான் வந்தார். எப்படியோ நடுத்திட்டு வரை வந்துவிட்டார். இன்னும் பாதிச் சாலைதான். எதிரே தருமச்சாலையின் வாசலில் ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பஸ் இடது லேனில் தூரத்தில் வந்தது. அதற்குள் போய்விடலாம் என்று இறங்கினார்.

பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் வலது லேனுக்கு வெட்டி ஏறியது.

லைட் இரண்டு முறை மின்னியது. ஹாரன் கேட்டது. வேகம் குறையவில்லை. தணிகாசலத்துக்கு முன்னால் போவதா, பின்னால் வருவதா என்று தெரியவில்லை. கால் தானாகப் பின்னால் எகிறியது. திட்டின் விளிம்பில் இடித்து அரளிக்குள் விழுந்தார். அவர் நின்ற இடத்தைக் கார் கடந்து போனது. அந்த ஒரு கணத்தில் ஓட்டுகிறவனின் முகம் தெரிந்தது. அதில் கோபம் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எழுந்தபோது முழங்கையில் ரத்தம். தயிர் பாதிக்கு மேல் தார்ச்சாலையில் கொட்டியிருந்தது. அடுத்தடுத்து வந்த வண்டிகள் அதன் மேலேயே ஏறிப் போயின.

எப்படிக் கடந்து வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. வாசலில் நின்ற அம்மாவிடம் தூக்குப்பாத்திரத்தைக் கொடுத்தார்.

"அடிபட்டுச்சாய்யா?"

"கொல்லப் பார்த்தான்மா. என்னைப் பார்த்தான். பார்த்துட்டே வந்தான். சிரிச்சிட்டே போறான்."

அவர் நேராகக் காருக்குப் போனார்.

"எங்க போறீங்க?"

"டோல்கேட்டுல நின்னுதானே ஆகணும். பிடிச்சிடுவேன். சட்டையைப் பிடிச்சு வெளியில இழுத்துக் கேக்கணும்."

அம்மா அவரைத் தடுக்கவில்லை. பாத்திரத்தைச் சமையல்காரரிடம் நீட்டி, "இருக்கறதுல தண்ணி விட்டு மோராக் கரைச்சு எல்லாருக்கும் ஊத்துங்க," என்றார். பிறகு வந்து காரின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்கும்மா?"

"போங்கய்யா."

கார் கிளம்பியது. தணிகாசலம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். முன்னால் போன வண்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஒதுங்காதவர்களை இடப்பக்கமாகத் தாண்டினார். உதடு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா தலையை இருக்கையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஒருமுறை கார் குலுங்கியபோது மட்டும் கை கதவின் பிடியைத் தேடியது.

அடுத்த ஊர் வந்தது. அங்கேயும் நடுத்திட்டில் ஓர் இடைவெளி. யாரோ ஒரு காலைக் கீழே வைத்து நின்றார்கள். தணிகாசலம் லைட் அடித்தார். ஹாரனை நீளமாக அழுத்தினார். அந்தக் கால் பின்னால் போனது. கார் கடந்தது.

அம்மா கண்ணைத் திறந்தார்.

"யாரய்யா அது?"

"எது?"

"இப்ப ஹாரன் அடிச்சீங்களே."

"யாரோ ரோட்டைக் கடக்க நின்னாங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

தணிகாசலம் யோசித்தார். சேலையா வேட்டியா, கையில் ஏதாவது இருந்ததா, வயதானவரா. எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு கால் மட்டும்தான் வந்தது.

"தெரியலம்மா."

அம்மா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

சாலை நேராக ஓடியது. வெகுதூரத்தில் ஒரு வெள்ளைக் கார் தெரிந்தது. அதுவாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். இன்னும் கொஞ்சம் மிதித்தால் தெரிந்துவிடும். தணிகாசலத்தின் கால் மிதியிலிருந்து எழுந்தது. வேகம் மெல்ல மெல்ல இறங்கியது. அவர் முந்தி வந்த வண்டிகளெல்லாம் இப்போது அவரைத் தாண்டிப் போயின. ஒருவன் திரும்பி முறைத்துவிட்டுப் போனான்.

இடது ஓரத்தில் மண் பாதையில் இறக்கி நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். ஒவ்வொரு லாரி போகும்போதும் நின்றிருந்த கார் ஆடியது.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிடிச்சிருந்தா என்ன கேட்டிருப்பீங்க?" என்றார் அம்மா.

"ஒரு மனுசன் நிக்கறது கண்ணு தெரியலையாடான்னு…"

தணிகாசலத்தின் முழங்கை ரத்தம் காய்ந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்கப் பார்த்தார். வலித்தது. விட்டுவிட்டார். பிறகு முகத்தை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அம்மா அவரைத் தொடவும் இல்லை, தேற்றவும் இல்லை. கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் உளுந்துக் காட்டில் யாரோ செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

தணிகாசலம் நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, இனிமே நான் வண்டி ஓட்டல."

"அப்புறம்?"

"டிரைவர் வச்சுக்கறேன். இல்லேன்னா பஸ்ல வர்றேன். இந்தக் கையால ஸ்டியரிங்கைத் தொடறதில்ல. உங்க முன்னால சொல்றேன்."

சாவியைப் பிடுங்கி எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அந்தச் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை.

"எனக்கு ஓட்டத் தெரியாதேய்யா."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். ஜன்னல் பக்கமாகத் தலையைச் சாய்த்தார்.

"முந்தாநாள்ல இருந்து தூங்கல. ரொம்ப அசதியா இருக்கு," என்றார். "பாலத்துல திருப்பிக்கிட்டுத் தருமச்சாலைக்குப் போங்க. நான் தூங்கறேன். முழிப்பு வராத மாதிரி ஓட்டுங்க."