மன்னர் மறுபடி குலுக்கினார்

கடற்காவூர் மன்னர் வீரகேசரிக்கு மீசைதான் உயிர். தங்கையைக் கட்டிக்கொடுத்த பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போனபோது, அந்த மீசையில் பாயசம் ஒட்டியிருக்கிறது என்று மைத்துனர் சிரித்துவிட்டார். போதாதா? ஊர் திரும்பிய கையோடு, படையெடுக்கப் போவதாகச் சபையில் முழங்கிவிட்டார் மன்னர்.

அந்த நேரம் பார்த்து ஒரு சீன வணிகர் மூங்கில் குடுவை ஒன்றைக் காணிக்கையாக வைத்தார். உள்ளே குறி பார்க்கும் குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம்.

"மனதில் கேள்வியை நினைத்துக் குலுக்குங்கள். விழுகிற சின்னத்தை வைத்து யோசியுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மன்னர் குலுக்கினார். மலை விழுந்தது.

"மலைபோல் நின்று போரிடச் சொல்கிறது," என்றார் தளபதி உதயமார்த்தன். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சண்டை தேடுகிற ஆசாமி.

மன்னர் மறுபடி குலுக்கினார். ஏரி.

"கரையை உடைத்துப் பாயச் சொல்கிறது."

மறுபடி குலுக்கினார். காற்று.

"புயலாய்ப் புறப்படச் சொல்கிறது."

மன்னரின் கை திரும்பவும் குடுவைக்குப் போனது.

ராஜாவின் தங்கை வாழ்கிற ஊரையே கொளுத்தப் போகிறார்களே என்று தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் அரண்மனை விதூஷகன் தில்லைவிடங்கன். அந்தக் கையைப் பார்த்ததும் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"என்ன இளிப்பு? அடுத்த குச்சிக்கு நீ பலன் சொல். பிசகினால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றுவேன்," என்றார் மன்னர்.

குச்சி விழுந்தது. விடங்கன் பாய்ந்து எடுத்து, திரும்பி நின்று, கையைப் பொத்திக்கொண்டான். சின்னத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"பலகாரத் தட்டோடு தங்கை வீட்டுக்குப் போய்வரச் சொல்கிறது, மகாராஜா."

மன்னர் குடுவையைக் கீழே வைத்தார்.

"ஏன் மகாராஜா, இந்தத் தடவை மறுபடி குலுக்கவில்லையே?" என்றான் விடங்கன்.

மன்னர் தன் கையைப் பார்த்தார்.

"தளபதியார் போர் என்று சொல்லும்போதெல்லாம் உங்கள் கை குடுவைக்குப் போயிற்று. இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. உங்கள் மனதில் இருந்தது இதுதான்."

தளபதிக்குப் பொறுக்கவில்லை. விடங்கனின் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். "மகாராஜா, இது சீனக் குச்சியே இல்லை. அதை இடுப்பில் செருகிவிட்டான். இது இவன் காது குடைகிற குச்சி."

மன்னர் மீசை குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குப் போட்டார்.

"அதனால்தான் தளபதியாரே," என்றார், "காலையிலிருந்து கேட்காதது எனக்கு இப்போது கேட்டது."