மவுஸ் இல்லாத மேசை

சங்கரலிங்கம் சிவகாசியில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் வடிவமைத்தவர். மவுஸ் ஓட்டுவதில் பேர்போன ஆள். ஐம்பது தாண்டியதும் சர்க்கரை அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டது. மனைவி முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான கணினிப் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்.

சொல்லிக்கொடுத்தவர் தெபோராள். அவரைவிட இருபது வயது இளையவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

அங்கே கணினிகள் வாய்விட்டுப் பேசும். டேப் விசையைத் தட்டினால் அடுத்த இடத்துக்குப் போய், இது பொத்தான், இது இணைப்பு என்று சொல்லும். ஆனால் சங்கரலிங்கத்தின் வலதுகை சும்மா இருக்காது. பழக்கதோஷத்தில் மவுஸைத் தேடிப் பிடித்து உருட்டிவிடும். உடனே அந்தக் குரல் எங்கெங்கோ தாவி உளற ஆரம்பிக்கும்.

தெபோராள் மவுஸைக் கழற்றி எடுத்தார். சும்மா பிடித்துக்கொள்ளவாவது கொடுங்கள் என்று சங்கரலிங்கம் கேட்டார். கொடுத்தார். ஒயர் தொங்கும் மவுஸை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் அவர் டேப் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள், வேண்டாம் என்று அவரே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு அவர் கேட்டார்.

"டீச்சர், கண்ணு இருந்தப்ப வேணுங்கிறதை நேரா போயி அமுக்கிருவேன். இப்ப வழியில இருக்க ஒவ்வொண்ணையும் கும்பிட்டுட்டுப் போக வேண்டியிருக்கு. இப்படிப் போயி என்ன ஆகப்போவுது?"

"எங்க போகணும் சார்?"

மகள் கோமதி அனுப்பும் மின்னஞ்சலுக்கு என்றார். அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். அவள் எழுதுவதை ஊரில் எதிர்வீட்டு ரத்தினசாமிதான் வந்து வாசித்துக் காட்டுவார். போன் வந்தாலும் அவர்தான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொள்வார். தங்கமான மனுஷன். ஆனால் மகள் வரவர இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. கண்ணோடு சேர்ந்து மகளும் போய்விட்டாள் என்றே சங்கரலிங்கம் நினைத்திருந்தார். ரத்தினசாமி சில வரிகளை விட்டுவிட்டு வாசிக்கிறாரோ என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது.

"போங்க," என்றார் தெபோராள்.

சங்கரலிங்கம் டேப் தட்டினார். விளம்பரம், உதவி, அமைப்புகள் என்று ஒவ்வொன்றாகக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில் கவனம் பிசகி மகளின் பெயரைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் திரும்பி வந்தார். தெபோராள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் என்டர் தட்டினார். பொத்தானையும் இணைப்பையும் சொன்ன அதே குரலில் கணினி வாசித்தது.

"அப்பா, நலம். மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடவும். கோமதி."

கீழே இன்னும் ஏதாவது இருக்குமோ என்று அம்புக்குறி விசையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ரத்தினசாமி ஒரு வார்த்தையையும் விட்டிருக்கவில்லை. மிச்சமிருந்த நப்பாசையும் போனது. தன் வீட்டில்கூட அவர் அவ்வளவு தனியாக உணர்ந்ததில்லை.

"அவ்வளவுதான் டீச்சர். இதுக்குத்தான் இந்தப் பாடு."

"இதுவரைக்கும் பதில் யாரு அடிச்சது?"

"ரத்தினசாமிதான். நான் சொல்லச் சொல்ல அடிப்பாரு."

"என்ன சொல்லுவீங்க?"

"நல்லா இருக்கேன். மாத்திரை சாப்பிடுதேன்."

"வேற?"

"அவரு பக்கத்துல உக்காந்திருக்கும்போது வேற என்னத்தச் சொல்ல?"

சொன்ன பிறகுதான் மகளின் இரண்டு வரி சங்கரலிங்கத்துக்கு உறைத்தது.

தெபோராள் எழுந்தார். மேசையைத் தடவி ஹெட்போனை எடுத்துக் கணினியில் சொருகி அவர் கையில் கொடுத்தார். கணினியின் சத்தம் அறையில் அடங்கிப்போனது.

சங்கரலிங்கம் விசைப்பலகை மேல் விரல்களை வைத்தார்.

"எப்படி ஆரம்பிக்க டீச்சர்?"

"நான் வெளிய போயி கதவைச் சாத்திக்கிடுதேன்," என்றார் தெபோராள். "பக்கத்துல யாரும் இல்லன்னு முதல்ல எழுதுங்க."