குளிருக்கு ஆசைப்பட்ட தேன்கூடு

மலையடிவாரக் காட்டில் ஓடைக்கரையை ஒட்டி ஒரு மருதமரம் நின்றது. அதன் பெரிய பொந்துக்குள் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. பொந்துக்குள் வரிசையாக ஏழு தேனடைகள் தொங்கின. ஒவ்வொரு அடையிலும் எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்ன அறைகள். சிலவற்றில் குஞ்சுகள் வளர்ந்தன. சிலவற்றில் தேன் இருந்தது.

அந்தத் தேனைத் தேனீக்கள் மெழுகு மூடி போட்டு அடைத்து வைத்திருந்தன. மழைக்காலத்தில் காட்டில் பூ இருக்காது. வெளியே பறக்கவும் முடியாது. அப்போது கூடு முழுவதும் அந்தத் தேனை நம்பித்தான் இருக்க வேண்டும்.

கூட்டில் எல்லோருக்கும் ஒரே அம்மா, ராணித் தேனீ. மற்ற தேனீக்கள் எல்லாம் அதன் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளில் சேந்தி என்ற தேனீக்கு வாசலில் வேலை. வெயில் ஏறினால் பொந்து சூடாகும். மெழுகு இளகும். குஞ்சுகள் வாடும். உடனே சேந்தியும் அதன் பத்துத் தங்கைகளும் வாசலில் வரிசையாக நின்று இறகால் விசிறும். வேறு சில தேனீக்கள் ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து அடைகளின் மேல் தடவும். ஈரத்தில் காற்றுப் பட்டதும் சூடு தணியும். சூடு தணிந்ததும் சேந்தி இறகை மடக்கிக்கொள்ளும்.

அந்த வருஷம் சித்திரை வெயில் மிகவும் கடுமையாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் மினுக்கன் என்ற ஆண் தேனீ தூக்கம் கலைந்து எழுந்தது. மினுக்கனுக்குப் பெரிய கண்கள், பெரிய உடம்பு. கூட்டுக்குள் ஆண் தேனீக்களுக்கு வேலை எதுவும் கிடையாது. சாப்பிடுவது, தூங்குவது, சாயங்காலம் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வருவது, அவ்வளவுதான்.

"ஏ சேந்தி! ஏன் விசிறுறதை நிறுத்திட்டே?"

"சூடு தணிஞ்சிருச்சு அண்ணே! குஞ்சுகளுக்கு இதுதான் சரியான பதம்!"

"குஞ்சுகளுக்குச் சரி! எனக்கு? உடம்பெல்லாம் புழுங்குது! இன்னும் கொஞ்சம் வீசேன்!"

சேந்தி தயங்கியது. மினுக்கன் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"உன் இறகுக் காத்து மாதிரி இந்தக் காட்டிலேயே கிடையாது, தெரியுமா? மலை உச்சியில உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு!"

இதுவரை யாரும் சேந்தியை இப்படிப் புகழ்ந்ததில்லை. அதற்குப் பெருமை பிடிபடவில்லை. மறுபடியும் இறகை விரித்தது. முன்பைவிட வேகமாக வீசியது.

அந்தப் பக்கமாக வந்த ராணிக்கும் காற்று இதமாக இருந்தது.

"அடடா! என்ன சுகம்! யாரு விசிறுறது?"

மினுக்கன் சட்டென்று முன்னால் வந்தது.

"சேந்திதான் அம்மா! நீங்க ஓய்வே இல்லாம முட்டை வைக்கிறீங்க. உங்களுக்கு இந்தச் சுகம்கூட வேண்டாமா? நாள் முழுக்க, எல்லா அடைக்கும் விசிறச் சொல்லுங்க!"

"நல்ல யோசனைதான். அப்படியே செய்யுங்க!" என்றது ராணி.

அன்றிலிருந்து விசிறும் கூட்டம் பெருகியது. பத்து ஐம்பதானது. ஐம்பது இருநூறானது. பூவுக்குப் போய்க்கொண்டிருந்த தேனீக்களையும் மினுக்கன் கூப்பிட்டு வாசலில் நிறுத்தியது. வெயில் இருந்தாலும் விசிறின, மேகம் மூடினாலும் விசிறின. ஏழாவது அடையில் ஒரு குஞ்சுகூட இல்லை, ஒரு சொட்டுத் தேனும் இல்லை. அதற்கும் விசிறின.

"யாருமே இல்லாத அடைக்கு எதுக்கு அண்ணே விசிறணும்?" என்று ஒரு தேனீ கேட்டது.

"நான் எப்பவாவது அந்தப் பக்கம் நடந்து போவேன்! அப்போ குளுகுளுன்னு இருக்க வேண்டாமா?" என்றது மினுக்கன்.

இறகு சும்மா அசையாது. அதற்குத் தெம்பு வேண்டும். தேனீக்குத் தெம்பு என்றால் தேன்தான். கொஞ்ச நேரம் விசிறினால் ஒரு வாய்த் தேன் குடித்தாக வேண்டும். இருநூறு தேனீக்கள் நாள் முழுவதும் குடித்தன. புதிதாகத் தேன் கொண்டுவரப் போதுமான ஆள் இல்லை. அன்றாடச் செலவுக்காகத் திறந்து வைத்திருந்த அறைகள் எல்லாம் ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டன.

"அக்கா, தேன் தீர்ந்துபோச்சு! தங்கைகளுக்கு இறகைத் தூக்கவே முடியலை!" என்று ஒரு தேனீ ஓடிவந்து சேந்தியிடம் சொன்னது.

பக்கத்தில் படுத்திருந்த மினுக்கன் தலையைத் தூக்கியது.

"தீர்ந்துபோச்சா? மூடி போட்டு வெச்சிருக்கே, அதை உடைங்க!"

"அது மழைக்காலத்துக்கு வெச்சது அண்ணே!"

"மழைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு! காடு முழுக்கப் பூ! அப்புறமா கொண்டுவந்து ரொப்பிக்கலாம், போ!"

சேந்தி மூடிய அறைகளின் முன்னால் போய் நின்றது. வெகுநேரம் நின்றது. மனசு உறுத்தியது. ஆனாலும் ஒரு மூடியைக் கடித்துத் திறந்தது. அதைப் பார்த்ததும் மற்ற தேனீக்களும் திறந்தன.

நாலைந்து நாள் கழிந்தது. சேந்திக்குத் தன் தங்கை பொன்னரியின் நினைவு வந்தது. பொன்னரிக்கு நடு அடையில் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 'நம்ம காத்தாலே அவளும் சுகமா இருப்பா. பார்த்து ரெண்டு வார்த்தை பேசிட்டு வரலாம்' என்று நினைத்துக்கொண்டு சேந்தி உள்ளே போனது.

அங்கே பொன்னரியும் அதன் தோழிகளும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, குஞ்சுகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. எல்லாத் தேனீக்களின் உடம்பும் வெடவெடவென்று உதறிக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு? காய்ச்சலா?" என்று பதறியது சேந்தி.

"காய்ச்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை! குஞ்சுகளுக்குக் குளிருது. உடம்பை உதறினாத்தானே சூடு வரும்? அதான் உதறிக்கிட்டே கிடக்கிறோம்!"

"சித்திரை மாசத்துல குளிருதா?"

"குளிராம என்ன செய்யும்? நீ வாசல்ல நின்னு குளிர வைக்கிறே! நான் இங்கே கிடந்து சூடு பண்றேன்! நீயும் தேன் குடிக்கிறே, நானும் தேன் குடிக்கிறேன்!"

சேந்தி குனிந்து ஒரு குஞ்சைத் தொட்டுப் பார்த்தது. சில்லென்று இருந்தது.

"நேத்து மூணு குஞ்சு விறைச்சுப் போச்சு அக்கா. வெளியில கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தோம்" என்றது பொன்னரி, குரல் இறங்கி.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க விசிறுற சத்தத்துல நான் கத்தினது உனக்குக் கேக்கலை."

சேந்தி மூன்று காலி அறைகளையும் பார்த்தது. தான் எவ்வளவு பெருமையோடு விசிறியது என்பதை நினைத்தபோது அதற்கு உடம்பு கூசியது.

அப்போது பொன்னரியின் தோழிகளுக்கு நடுவில் ஏதோ பெரிதாகப் புரண்டு படுத்தது. சேந்தி எட்டிப் பார்த்தது. மினுக்கன்! கதகதப்பான இடமாகப் பார்த்து நடுவில் புகுந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"தினமும் இங்கேதான் வந்து தூங்குறார்" என்றது பொன்னரி.

"எழுப்பாதே! அப்படியே தூங்கட்டும்! இதோ வந்துட்டேன்!" என்று சொல்லிவிட்டுச் சேந்தி நேராக ராணியிடம் போனது.

"அம்மா, விசிறுறதைக் குறைச்சாகணும்!"

"குறைக்கிறதா? வெளியில வெயில் எப்படிக் கொளுத்துது, பார்த்தியா? கூடே வெந்துபோயிடும்னு மினுக்கன் சொல்றானே!"

"நான் சொல்றதையும் நம்ப வேண்டாம், அண்ணன் சொல்றதையும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு தடவை என்கூட நடு அடைக்கு வாங்க. பார்த்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க!"

ராணி முனகிக்கொண்டே கூட வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த பொன்னரியைக் கண்டு திகைத்து நின்றது. சேந்தி கண்ணைக் காட்டியதும் பொன்னரியும் தோழிகளும் விலகின. நடுவில் மினுக்கன் சுருண்டு கிடந்தது.

"டேய்! இங்கே என்னடா பண்றே?"

மினுக்கன் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தது.

"அங்கே ரொம்பக் குளிருது அம்மா! அதான் இங்கே வந்து படுத்தேன்!"

"குளிருதா? நாள் முழுக்க விசிறச் சொன்னது யாரு?"

"நான்தான்! குளிரா இருந்தாத்தானே அம்மா இந்தக் கதகதப்பு சுகமா இருக்கும்!"

சுற்றி நின்ற தேனீக்கள் கொல்லென்று சிரித்துவிட்டன. ராணி சிரிக்கவில்லை. அதன் பார்வை மூன்று காலி அறைகளில் நின்றது.

"இங்கே நான் முட்டை வெச்சிருந்தேனே?"

பொன்னரி தலையைக் குனிந்துகொண்டது. ராணிக்குப் புரிந்துவிட்டது. அது மெல்ல நடந்து தேன் இருந்த அடைக்குப் போனது. பாதி மூடிகள் உடைந்து கிடந்தன.

"இதையெல்லாம் மூடி வெச்சது யாரு?" என்று கேட்டது ராணி.

"தை மாசத்துத் தேனீக்கள் அம்மா" என்றது சேந்தி. "அவங்கள்ல ஒருத்தர்கூட இப்போ உயிரோட இல்லை. எங்க ஆயுசே கொஞ்ச நாள்தானே! மழைக்காலத்துல இதைக் குடிக்கப் போறவங்க இன்னும் பிறக்கவே இல்லை. அவங்க வந்து 'எங்க பங்கு எங்கே'ன்னு நம்மகிட்ட கேக்க முடியாது. அந்தத் தைரியத்துலதான் எடுத்துக் குடிச்சுட்டோம். முதல் மூடியை உடைச்சது நான்தான் அம்மா."

"விசிறச் சொன்னது நான்தானே" என்றது ராணி. பிறகு நிமிர்ந்து வாசல் பக்கம் திரும்பியது. "நிறுத்துங்க!"

இருநூறு தேனீக்களின் இறகுகளும் மடங்கின. கூட்டுக்குள் அப்படியொரு அமைதி வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"நிறுத்தியாச்சு! வெயில் ஏறினா என்ன பண்றதாம்?" என்று சிடுசிடுத்தது மினுக்கன்.

"குஞ்சுகள் வாடுற அளவுக்குச் சூடு ஏறினா விசிறுவோம். குஞ்சு இருக்கிற அடைக்கு மட்டும் விசிறுவோம். காலியா இருக்கிற அடைக்குக் காத்து எதுக்கு?" என்றது சேந்தி. "அதோ, பொந்து உச்சியில பாருங்க! போன மழைக்கு அங்கே ஒரு ஓட்டையைப் பிசின் வெச்சு அடைச்சிருக்காங்க. அதைத் திறந்தா உள்ளே இருக்கிற சூடு தானா மேலே போயிடும். இறகே அசைக்க வேண்டாம்!"

எல்லாத் தேனீக்களும் பிசினைக் கடித்துக் கடித்து எடுத்தன. காய்ந்த பிசின் லேசில் வரவில்லை. இரண்டு நாள் பிடித்தது. ஓட்டை திறந்ததும் புழுக்கம் மேலே போனது. ஓடையின் மேல் தவழ்ந்து வந்த காற்று வாசல் வழியாக உள்ளே நுழைந்தது.

"மத்தியானத்துல உள்ளே வேலை இல்லாதவங்க எல்லாம் வெளியில போய் மரத்து நிழல்ல தொங்குங்க! உள்ளே கூட்டம் குறைஞ்சாலே பாதிச் சூடு குறையும்!" என்றது சேந்தி.

"வெளியில தொங்குறதா? நானா? பலாப்பழம் மாதிரியா?" என்று கத்தியது மினுக்கன்.

"நீதான் முதல்ல போகணும்!" என்றது ராணி.

மினுக்கன் முணுமுணுத்துக்கொண்டே போய்த் தொங்கியது. ஓடைக்காற்று வீசியது. மருத இலைகள் சலசலத்தன. முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த மினுக்கன், மூன்றாம் நாள் அங்கேயே தூங்கிவிட்டது. ஒரு வாரம் போனதும் போகிற வருகிற தேனீக்களையெல்லாம் நிறுத்தி, "வெளியில தொங்கலாம்னு முதல்ல சொன்னதே நான்தான், தெரியுமா?" என்று பீற்றிக்கொண்டது. மறுத்துப் பேச யாருக்கும் நேரமில்லை. எல்லாம் பூவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

சேந்தியும் பூவுக்குப் போனது. புங்க மரங்கள் பூத்துக் குலுங்கிய காலம் அது. விசிறி விசிறி அதன் இறகு ஓரங்கள் கிழிந்திருந்தன. மற்ற தேனீக்கள் ஐந்து நடை போனால் சேந்தியால் மூன்று நடைதான் போக முடிந்தது. ஆனாலும் அது ஒருநாள்கூட ஓய்ந்து உட்காரவில்லை. உடைத்த அறைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

"நான் மூடி போடுறேன், நீ போய் உட்காரு அக்கா" என்றது பொன்னரி ஒருநாள்.

"இல்லைடி, இதை நானே மூடுறேன்" என்றது சேந்தி. பொறுமையாக மெழுகைத் தடவி, ஒரு துளி இடைவெளி இல்லாமல் மூடியது. மறுநாள் காலையில் புங்க மரத்துக்குப் பறந்து போனது. திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் பொன்னரியின் காலமும் முடிந்தது. தேனீக்களின் வாழ்க்கை அவ்வளவுதான்.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பே தேனீக்கள் உச்சி ஓட்டையைப் பிசின் வைத்து அடைத்துவிட்டிருந்தன. இருபத்திரண்டு நாள் மழை விடவே இல்லை. ஓடை கரைபுரண்டு ஓடியது. பூக்களெல்லாம் உதிர்ந்து வெள்ளத்தில் போயின. ஒரு தேனீயாலும் வாசலைத் தாண்ட முடியவில்லை.

உள்ளே தேனீக்கள் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தேனைப் பகிர்ந்து குடித்தன. குஞ்சுகளுக்கும் ஊட்டின. அடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகிக்கொண்டே வந்தன. இருபத்து மூன்றாம் நாள் வெயில் அடித்தபோது, மூடி போட்ட தேன் இரண்டே இரண்டு வரிசைதான் மிச்சமிருந்தது. கூட்டில் ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

மழையின்போது பிறந்த ஒரு குட்டித் தேனீ ராணியிடம் வந்தது.

"அம்மா! நாங்க குடிச்ச தேனையெல்லாம் யாரு வெச்சது?"

"உன் அக்காங்க. நீ அவங்களைப் பார்த்ததில்லை."

"அவங்களுக்கு எங்களைத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றது ராணி.

குட்டித் தேனீ வாசலுக்கு வந்து இறகை உலர்த்திக்கொண்டது. தூரத்தில் ஏதோ ஒரு மரம் பூத்திருக்கும் வாசனை வந்தது. அது அந்தத் திசையில் பறந்து போனது.

ஆளில்லாத அறையில் ஏசியை ஓடவிடுவதும், போர்வை தேடும் அளவுக்கு அறையைக் குளிர வைப்பதும் இனி பிறக்கப்போகும் பிள்ளைகளின் பங்கை எடுத்து நாம் வீணாக்குவதே ஆகும். மின்சாரத்தைத் தேவைக்கு மட்டும் பயன்படுத்தி மிச்சத்தை அவர்களுக்கு விட்டுவைப்பவரே அறிவாளி.