தேருக்கு அடியில் சொன்னது

"ஆமா, ஒருத்தி இருக்கா" என்று சொரிமுத்து தன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டான்.

ஒருத்தியும் இல்லை. நாலு மாசமாக அவனுக்கு எழும்பவில்லை. விஷயம் அவ்வளவுதான். காலையில் குடத்தை இறக்கி வைத்த கையோடு உலகம்மை "யாரு அவ?" என்று கேட்டாள். உண்மையைச் சொல்வதைவிட இதைச் சொல்வது சுலபமாக இருந்தது. வைப்பாட்டி வைத்திருக்கிறான் என்றால் ஊர் காறித் துப்பும். மற்றது தெரிந்தால் ஊர் சிரிக்கும். துப்பினால் துடைத்துக்கொள்ளலாம்.

அவள் அழக்கூட இல்லை.

"தேர் நிலைக்கு வரட்டும். நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருதேன்" என்றாள்.

தேரோட்டம் அன்றைக்குத்தான். சாயங்காலம் தேர் நிலைக்கு வந்துவிடும்.

சொரிமுத்து தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுகிற பத்துப் பேர் கையில் இருக்கிறது. அந்தப் பத்துப் பேருக்கும் தலைவர் கோமதிநாயகம். சொரிமுத்துவைவிட ஆறு வயது இளையவர். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, நாற்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்த சொரிமுத்துவுக்கு அவர்தான் தொழில் சொல்லிக் கொடுத்தார். அதனால் வயதில் இளையவரானாலும் இவனுக்கு அவர் அண்ணாவி, ஆசான்.

முட்டுக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேருக்கு அடியில் பேசியது தெருவுக்கு வரக் கூடாது.

அந்தத் தைரியத்தில்தான் சொரிமுத்து வாயைத் திறந்தான். மேலே மேளம், வேட்டு. சக்கரத்துக்குப் பக்கத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் குந்தியிருந்தார்கள்.

"அண்ணாவி, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்."

"என் சேக்காளி ஒருத்தன். அவனுக்கு எழும்ப மாட்டேங்கு. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் மாத்திரை குடுத்திருக்கான். போட்டா சரியாயிருமா?"

"எத்தன மாசமா?"

"நாலு."

அண்ணாவி வெளியே எட்டிப் பார்த்தார்.

"வடம் இறுகுது. கட்டையப் பாரும்" என்றார்.

ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறான், இவர் கட்டையைப் பார்க்கச் சொல்கிறார். சொரிமுத்துவுக்குக் கோபம் வந்தது. மடியில் முடிந்திருந்த மாத்திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இன்றைக்கே போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தான்.

தெற்குத் தெரு முக்கில் தேர் நின்றது.

இழுத்தார்கள். அசையவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். அசையவில்லை. "சோத்தத் திங்கியளா, வேற எதையும் திங்கியளா? இழுங்கலே!" என்று ஒரு கிழவர் மாடியிலிருந்து கத்தினார். வடம் பிடித்தவர்களுக்கு ரோஷம் வந்து இன்னும் இழுத்தார்கள். தேர் ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான்.

"பின்னால ஜேசிபிய வச்சுத் தள்ளுங்க!" என்று சொரிமுத்து கத்தினான்.

ஜேசிபி தயாராகத்தான் நின்றது. டிரைவர் என்ஜினை முறுக்கினான்.

அண்ணாவி விசில் அடித்தார். எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போடச் சொன்னார். ஜேசிபியைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"நாலு தள்ளு தள்ளினாப் போயிரும், அண்ணாவி" என்றான் சொரிமுத்து.

"போயிரும். எங்க போகும்?"

அவர் கடப்பாரையோடு வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தவழ்ந்து போய், தார் ரோட்டில் ஒரு குத்து குத்தினார். கடப்பாரை முழங்கை ஆழத்துக்கு உள்ளே போனது. பிடுங்கியதும் தண்ணீர் பீறிட்டது. எத்தனை நாளாகக் குழாய் உடைந்து கசிந்ததோ, தாருக்குக் கீழே மண்ணே இல்லை. சக்கரம் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நாலு விரல்கடை புதைந்திருந்தது.

இன்னும் ஒரு முழம் முன்னால் தள்ளியிருந்தால் தேர் சாய்ந்திருக்கும். முன்னால் வடம் பிடித்து நின்றவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள்.

தண்ணீரை அடைத்தார்கள். ஜல்லி கொட்ட லாரிக்கு ஆள் போனது. ரெண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அண்ணாவி தேருக்கு அடியிலேயே உட்கார்ந்து ஒரு நீர்மோரை வாங்கி, பாதியைச் சொரிமுத்துவிடம் நீட்டினார்.

"தேர்ல என்ன பழுது, அண்ணாவி?"

"தேர்ல ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கு நின்னுச்சு?"

அண்ணாவி பள்ளத்தைக் காட்டினார். சொரிமுத்து அதையே பார்த்தான். மோர் கையிலேயே இருந்தது.

"உம்ம சேக்காளிக்குத் தண்ணித் தாகம் உண்டா?"

"சொம்பு சொம்பாக் குடிக்கான்."

"ராத்திரி எந்திரிக்கானா?"

"நாலு தடவ. ஒண்ணுக்கு."

"விடியக்காலம் தன்னால எழும்புதா?"

"முந்தி உண்டு. இப்ப அதுவும் இல்ல."

"ஒரு நாள் ரெண்டு நாள்னா விட்டுரலாம். அலுப்பு, கவலை, குடி, எதுனாலயும் வரும். எல்லாவனுக்கும் வரும். நாலு மாசம்னா டாக்டர்ட்டப் போகச் சொல்லும். சுகரு, பிரஷரு, நெஞ்சு, எல்லாத்தையும் பாக்கணும்."

"டாக்டர்ட்ட என்னன்னு சொல்ல?"

"எங்கிட்ட என்ன சொன்னீரு? அதத்தான்." அண்ணாவி வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் போய்ச் சொல்லுததுக்கு ஒரு வருசம் ஆச்சு."

"நீங்களா? உங்களுக்கா?"

"பின்ன, என் சேக்காளிக்கா?"

சொரிமுத்து சிரித்துவிட்டான். தலை அச்சில் இடித்தது. இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

"அது நான்தான், அண்ணாவி."

"தெரியும். காலையிலருந்து மடியத் தடவிட்டே இருக்கீரே. அந்த மாத்திரையத் தாரும்."

கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரும் இல்லை, ஊரும் இல்லை.

"தேவைப்பட்டா டாக்டரே எழுதித் தருவாங்க. நெஞ்சப் பாத்துட்டுத் தருவாங்க" என்று சொல்லி அதைச் சேற்றில் நசுக்கினார். "இது தேருக்கு அடியில பேசுனது. அடியிலயே கெடக்கட்டும்."

சாயங்காலம் ஆறு மணிக்குத் தேர் நிலைக்கு வந்தது.

வீட்டில் உலகம்மை பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். சொரிமுத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"ஒருத்தியும் கெடையாது. என்னால முடியல. நாலு மாசமா."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பையைத் தூக்கி அவன் முதுகில் ஒரு போடு போட்டாள்.

"இதச் சொல்ல வாய் வரல, வைப்பாட்டி வச்சிருக்கேன்னு சொல்ல மட்டும் வாய் வந்துதாக்கும்! நான் அவளப் பாக்க எந்தெந்தத் தெருவெல்லாம் போனேன் தெரியுமா?"

அதற்கப்புறம்தான் அழுதாள். காலையில் அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். அவளைப் பார்த்ததும் சொரிமுத்து வெளியே நழுவப் பார்த்தான். உலகம்மை சட்டையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரோ, மழை பெய்ததா என்று விசாரிப்பது மாதிரி எல்லாவற்றையும் விசாரித்தாள். சுகர் முந்நூற்று இருபது இருந்தது. நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அது நன்றாக இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க. சுகரைக் குறைப்போம். இதுவும் சரியாக வாய்ப்பு இருக்கு. ஆகலைன்னா அதுக்கும் வைத்தியம் இருக்கு" என்றாள்.

இவ்வளவுதானா என்று இருந்தது சொரிமுத்துவுக்கு. நாலு மாசம் சுமந்ததைக் கால் மணி நேரத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்தான்.

சுகர் இறங்க மூணு மாசம் ஆனது. ஒரு நாள் விடியக்காலையில் அவன் உலகம்மையை எழுப்பினான். "என்ன?" என்று பதறினாள். அவன் இளித்தான். அவளே தெரிந்துகொண்டு, "அதுக்கு இப்படியா உலுக்குவாக!" என்றாள்.

தேரடி டீக்கடைச் சுவரில் ஆண்மைக் குறைவு லேகிய நோட்டீஸ் ஒட்டியிருக்கும். முட்டுக்காரன் மாடக்கண்ணு அதன் கீழே உட்கார்ந்து, அதைப் படிக்காத மாதிரியே படித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"என்னலே, நம்பரக் குறிச்சுக்கிட்டியா?"

"யாருக்கு, உங்கப்பனுக்கா?"

கடையே சிரித்தது. மாடக்கண்ணும் சிரித்தான். காது மட்டும் சிவந்துவிட்டது.

சொரிமுத்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"எனக்கு நாலு மாசம் எழும்பல. டாக்டர்ட்டப் போனேன். சுகருன்னாங்க. இப்ப சொகமாயிட்டு. இதுல சிரிக்க என்னலே இருக்கு?"

சிரித்தவர்கள் குனிந்து டீயைப் பார்த்தார்கள். மாடக்கண்ணு மட்டும் மெதுவாக, "எந்த டாக்டரு, அண்ணாச்சி?" என்றான்.

மூலை பெஞ்சிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அண்ணாவி. அவர் அங்கே இருந்ததைச் சொரிமுத்து கவனிக்கவே இல்லை.

"அடியில பேசுனத அடியிலயே விட்டுட்டு வரச் சொன்னேனா இல்லையாவே?"

"சொன்னீங்க, அண்ணாவி. தப்புதான்."

"தப்புதான். பாதிய விட்டுட்டீரு. என் கதையையும் சேத்துச் சொல்லும்."

எல்லோரும் சொரிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் அண்ணாவியைப் பார்த்தான். அது அவரே சொல்ல வேண்டிய கதை. கொஞ்சம் நகர்ந்து, பெஞ்சில் அவருக்கு இடம் விட்டான்.