புகாருக்கு மூன்று விதை

தை மாதம் முதல் நாள். தாமரைக்குளத்தங்கரை மருதமரத்தடியில் கூட்டம் கூடியது. வந்திருந்தவர்கள்: தலைவர் கூழைக்கடா ஒருவர், நாரைகள் ஐந்து, ஆமைகள் மூன்று, தவளைகள் பதினொன்று, நண்டுகள் ஒன்பது, மீன்கொத்திகள் இரண்டு, மயில் ஒன்று, முக்குளிப்பான் ஒன்று, கழுதைப்புலி ஒன்று. எல்லோரையும் எண்ணி முடித்த கணக்குப்பிள்ளை வெள்ளெலி கடைசியில் தன்னையும் சேர்த்துக்கொண்டது. ஆக மொத்தம் முப்பத்தைந்து.

வெள்ளெலிக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மீசை நடுங்கும். ஆனால் கணக்கில் ஒரு விதை பிசகாது. மருதமரப் பொந்தில் சேர்த்து வைத்த தாமரை விதைகள்தான் குளத்தின் பொதுச்சொத்து. அதன் வரவு செலவை எல்லாம் மரப்பட்டையில் பல்லால் கீறி வைத்திருந்தது.

கோடையில் குளம் வற்றும். அந்த நூறு நாளும் குஞ்சுகளுக்கும் கிழங்களுக்கும் பொந்திலிருந்துதான் சாப்பாடு. நாளுக்கு மூன்று விதை. சித்திரை பிறக்கும்போது முந்நூறு விதை இருந்தாக வேண்டும்.

"கையிருப்பு எவ்வளவு?" என்று கேட்டது கூழைக்கடா.

"முந்நூற்று நாற்பது, தலைவரே."

"அப்புறம் என்ன கவலை!"

"கவலை இருக்கிறது, தலைவரே. சித்திரைக்கு இன்னும் மூன்று மாதம். புகார்ச் செலவு அறுபது போகும். கோடைக்கு இருபது குறையும்."

புகார்ச் செலவு என்பது இதுதான். தண்ணீர் நாறினாலும் கலங்கினாலும் யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம். முக்குளிப்பான் உடனே மூழ்கிப் போய் என்ன ஏது என்று பார்த்து வரும். ஒரு முழுக்குக்கு இரண்டு விதை கூலி. மாதம் பத்துப் புகாராவது வரும்.

"போன மூன்று மாதத்தில் முப்பது புகார். அதில் எத்தனை உண்மை?"

"ஆறு, தலைவரே."

"மீதி இருபத்துநாலும் வீண்!"

முக்குளிப்பான் குறுக்கே புகுந்தது. "நன்றாகச் சொன்னீர்கள்! போன வாரம் மயிலார் ஒரு புகார் கொடுத்தார். தண்ணீரில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லையாம்! மூழ்கித் தேடினேன். சேறும் இல்லை, பாசியும் இல்லை. முகமே அப்படித்தான்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

கூழைக்கடா தொண்டைப் பையைக் குலுக்கிவிட்டு அறிவித்தது. "இன்று முதல் புகார் சொல்ல வருகிறவர் மூன்று விதை கட்ட வேண்டும்! கூலி இரண்டு போக, பொந்துக்கு ஒன்று லாபம்! வெட்டிப் புகாரும் ஒழியும், கோடைக் குறையும் தீரும்!"

முதலில் எழுந்தது கழுதைப்புலி. குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஓரத் தாழம்புதரில்தான் அதன் வாசம்.

"அருமையான சட்டம்! இந்தாருங்கள், என் அன்பளிப்பு பத்து விதை!"

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். வெள்ளெலி 'வரவு பத்து' என்று கீறியது. முந்நூற்று ஐம்பது. கீறும்போதே பழைய கீறல்கள் கண்ணில் பட்டன. உண்மையான ஆறு புகாரையும் சொன்னவர்கள் தவளைகளும் நண்டுகளும். அடித்தண்ணீரில் இருப்பவர்களுக்குத்தான் நாற்றம் முதலில் தெரியும். அவர்களிடம் மூன்று விதை ஏது?

சொல்லலாம் என்று வாயைத் திறந்தது. மீசை நடுங்கியது. வாயை மூடிக்கொண்டது.

எட்டு நாள் கழித்து ஒரு தவளை தத்தித் தத்தி வந்தது. வாயில் இரண்டு விதை.

"கணக்கண்ணே! வாய்க்கால் முனையில் தண்ணீர் நாறுகிறது. குடலைப் பிடுங்குகிறது. என் பிள்ளைகள் அங்கேதான் கிடக்கிறார்கள். கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்."

"மூன்று விதை, தங்கச்சி."

"இரண்டுதான் கிடைத்தது. இதைப் பொறுக்கவே ஆறு நாள். ஒன்று பிறகு தருகிறேனே?"

"சட்டம் மூன்று என்கிறது."

"முக்குளிப்பாருக்குக் கூலியே இரண்டுதானே அண்ணே? அதைத்தானே தருகிறேன்!"

வெள்ளெலி பட்டையைப் பார்த்தது, தரையைப் பார்த்தது. "கணக்கில் இடமில்லை, தங்கச்சி" என்றது.

"நீங்களும் கணக்கும் சுகமாக இருங்கள்!" தவளை இரண்டு விதையையும் எடுத்துக்கொண்டு போனது. அடுத்த வாரமே தன் தலைப்பிரட்டைகளைக் கூட்டிக்கொண்டு பாறைக்குட்டைக்குக் குடிபோய்விட்டது.

பிறகு பொந்தில் கொண்டாட்டம்தான். தையில் நாலு புகார், மாசியில் மூன்று, பங்குனி பாதி போயும் ஒன்றுகூட இல்லை! வந்த ஏழுக்கும் கட்டணம் இருபத்தொன்று. முக்குளிப்பானுக்குக் கூலி பதினாலு. லாபம் ஏழு.

"கையிருப்பு?"

"முந்நூற்று ஐம்பத்தேழு, தலைவரே."

"பார்த்தாயா! குறையே இல்லாத குளம் ஆகிவிட்டது நம் குளம்!"

வெள்ளெலி தலையாட்டியது. ஆனால் அந்த ஏழு புகாரையும் அதுதானே கீறியிருந்தது? நாலு மயிலுடையது, நாலும் முகத்தைப் பற்றி. மூன்று மீன்கொத்திகளுடையது, ஒருவர் எச்சத்தால் தண்ணீர் கெடுகிறது என்று மற்றவர் கொடுத்தது. மூன்று விதை கட்ட வசதி இருந்தவர்கள் அவர்கள்தான். வெட்டிப் புகார் ஒழியவில்லை. உண்மைப் புகார்தான் ஒழிந்திருந்தது.

பங்குனி இருபதாம் நாள் காலையில் கூழைக்கடா மீன் பிடிக்க இறங்கியது. மீன்கள் தாமாகவே மேலே வந்திருந்தன. எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

"முக்குளிப்பான்! ஓடி வா! என்ன ஆயிற்று பார்!"

"மூன்று விதை யார் கட்டுவது, தலைவரே?"

"அட, இந்த ஒரு தடவை கூலியில்லாமலே மூழ்கு ஐயா!"

முக்குளிப்பான் மூழ்கியது, மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்தது. "வாய்க்கால் நிறைய எலும்பும் தோலும்! மூன்று மாதக் குப்பை! அழுகி ஊறி குளம் பாதிவரை வந்துவிட்டது!"

எல்லோரும் தாழம்புதருக்கு ஓடினார்கள். கழுதைப்புலி சாவகாசமாகப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தது.

"ஆமாம், நான்தான் போட்டேன். யாராவது புகார் கொடுத்தார்களா? மூன்று விதை கட்டினார்களா? நான் பத்து விதை கட்டியவனாக்கும்!"

குளத்தைச் சுத்தம் செய்யக் காட்டுப்பன்றிகளை அழைத்தார்கள். எட்டுப் பன்றிகள் வந்து நின்றன. அவற்றின் கொம்புப்பல்லைப் பார்த்ததுமே கழுதைப்புலி மலைப்பக்கம் ஓட்டம் பிடித்தது. பன்றிகளின் மூப்பன் வாய்க்காலை ஒருமுறை முகர்ந்தது.

"ஆறு நாள் வேலை. தலைக்கு நாளொன்றுக்கு ஆறு விதை."

"ஆறா? கொஞ்சம் குறைத்துக்கொள்ளப்பா!"

"நாற்றம் கொஞ்சம் குறைந்தால் கூலியும் குறையும், தலைவரே!"

தை மாதமே ஒரு முழுக்குப் போட்டிருந்தால் இரண்டு விதை. இப்போது எட்டுப் பன்றி, ஆறு நாள், ஆறு விதை, இருநூற்று எண்பத்தெட்டு. வெள்ளெலி ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தது. பொந்தில் அறுபத்தொன்பது மிஞ்சியது. நூறு நாள் கோடைக்கு, சரியாக இருபத்துமூன்று நாள் சாப்பாடு.

மறுநாள் மருதமரத்தடியில் கூட்டம். கழுதைப்புலி இல்லை. தவளைகள் பதினொன்றில் பத்து. முப்பத்துமூன்று பேர். வெள்ளெலியின் மீசை நடுங்கியது. ஆனால் இம்முறை வாயை மூடவில்லை.

"தலைவரே, நான் கீறிய கணக்கில் ஒரு விதை பிசகில்லை. ஆனால் வராமல் போன புகாரை நான் லாபத்தில் எழுதினேன். அதுதான் தப்பு. கட்டணத்தை எடுத்துவிடுங்கள்."

கூழைக்கடாவின் தொண்டைப் பை காலியாகத் தொங்கியது. "எடுத்துவிட்டேன்" என்றது. "மீதி எழுபத்தேழு நாளுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுக்குவோம். நானும் வருகிறேன்."

வெள்ளெலி பாறைக்குட்டைக்குப் போய்த் தவளையைக் கூப்பிட்டது. "வா, தங்கச்சி. இனிமேல் சொன்னால் போதும்."

தவளை பிள்ளைகளோடு திரும்பி வந்தது. வந்த மூன்றாம் நாளே பொந்தின் வாசலில் நின்றது.

"கணக்கண்ணே! படித்துறைப் பக்கம் லேசாக ஒரு வாடை."

முக்குளிப்பான் மூழ்கியது, எழுந்தது. "நாலு இலை அழுகியிருக்கிறது. வேறொன்றும் இல்லை!"

"வீண்! இருக்கிற கொஞ்சத்தில் இரண்டு போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டது கூழைக்கடா.

"வீண் இல்லை, தலைவரே. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டதற்கு இரண்டு விதை" என்றது வெள்ளெலி. மீசை நடுங்கவில்லை. மரப்பட்டையில் கணக்கைக் கீறி முடித்தது: செலவு இரண்டு, மீதி அறுபத்தேழு.

குறை சொல்ல வருகிறவரிடம் கட்டணம் கேட்டு மிச்சம் பிடிக்கிற ஊருக்கு, அந்தக் குறை முற்றிய பிறகு, முதலிலேயே பார்க்க ஆகியிருக்கும் கூலியைப்போல் நூறு பங்கு கொட்டிக் கொடுக்க நேரும்.