துறைத்தலைவரின் இரண்டு நிபந்தனைகள்

கௌரவ விரிவுரையாளர் குணவதியிடம் துறைத்தலைவர் தணிகாசலம் உறுமினார்: "முதலாண்டு உயிரியல் பாடத்திட்டம் வெள்ளிக்கிழமை வேணும். கல்லூரி புத்தகம் வாங்காது. இணையத்துல இலவசமாக் கிடைக்கிற குப்பையும் கூடாது. முடியாதுன்னா வேற ஆளைப் பார்க்கிறேன்."

ஆகாயத்திலிருந்தா பாடம் விழும் என்று நொந்துகொண்டே போனாள் குணவதி. வெள்ளிக்கிழமை பாடத்திட்டக் குழுவின் முன் ஒரே நூலை வைத்தாள். அது தணிகாசலமே எழுதி நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்த 'செல் உயிரியல்'. அவர் பூரித்துப்போனார்.

"ஒரு சந்தேகம் சார்," என்றாள் குணவதி. "நாற்பத்திரண்டாம் பக்கத்துல 'காணொளியைப் பார்க்க இங்கே சொடுக்கவும்'னு அச்சாகியிருக்கு. நூலகத்துல பிள்ளைங்க தாளை அழுத்தி அழுத்திப் பார்க்கிறாங்க."

குழுவின் தலைமையில் இருந்த கல்லூரி முதல்வர் புத்தகத்தைப் புரட்டினார். "அந்தக் காணொளி எங்கம்மா இருக்கு?"

"இணையத்துல சார். தணிகாசலம் சார் எழுதுறதுக்கு முன்னாடியே மொத்தப் புத்தகமும் அங்கேதான் இருக்கு, இலவசமா."

"அப்ப அதையே பாடமா வைங்க," என்றார் முதல்வர். "அடுத்த வருஷமும் நீங்களே நடத்துங்க."